மாப்பிள்ளை பெல்ட் போட்டிருந்தார்

லாரி மோதிய காரைப் பார்க்கப் போன என் வீட்டுக்காரர் ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தார். பையில் இறந்துபோன மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில், பேத்தி எப்போதோ தொலைத்த ஒற்றைச் செருப்பு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மகள் எதையும் தொடவில்லை.

"அவர் பெல்ட் போட்டிருந்தாராப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"போட்டிருந்தார்மா. நம்ம கையில என்ன இருக்கு?"

கேட்டதற்கு ஒரு சொல்லுக்கு மேல் பதில் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் இவர். இரண்டாவது வாக்கியம் வந்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது.

மறுநாள் துவைக்க எடுத்த என் வீட்டுக்காரருடைய பேண்ட் பையில் ஒரு கிளிப் இருந்தது. பெல்ட்டின் நாக்கு போலவே இருக்கும் சின்ன இரும்புத் துண்டு. பெல்ட் மாட்டுகிற துளையில் இதைச் சொருகிவிட்டால் பெல்ட் போட்டாயிற்று என்று வண்டி நம்பிவிடும், கீங்கீங் என்று கத்தாது. கார் சீட்டு உறையும் மிதியடியும் விற்கிற எங்கள் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையக் கிடக்கும். போன வருடம் மகள்தான் வந்து கேட்டாள். "அவர் பெல்ட் போடுறதுக்குள்ள வண்டி கத்தி பாப்பாவ எழுப்பிடுதுப்பா. ஏதாவது கொடுங்களேன்." இவர் கிண்ணத்தைக் கிளறி, ஆடாமல் உட்காருகிற ஒன்றாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். மகளுக்கு என்றால் எதிலும் நல்லதாகத்தான் பொறுக்குவார்.

கிளிப்பை அவர் முன்னால் வைத்தேன்.

"டிரைவர் சீட்டுல இருந்துச்சு. பெல்ட் சுருண்டது சுருண்டபடி கெடந்துச்சு" என்றார். "அவ கேட்டு வாங்கினது. தெரிஞ்சா உசுர விட்டுடுவா."

கொடுத்தது நீங்கள்தானே என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், ஒரு சாவுக்கு ஒரு பொய் கூடாதா என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கோ வேறு கவலை. "கரண்ட் வண்டியாமே, பேட்டரி வெடிச்சுடுச்சா?" என்றார் ஒருவர். சத்தமே போடாத வண்டி வருவது லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும் என்றார் இன்னொருவர். பேட்டரியில் ஒரு கீறல்கூட விழவில்லை. லாரிக்காரன் பார்த்துத்தான் பிரேக் போட்டான், லாரி நிற்கவில்லை. "வாங்கும்போதே வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டீங்களாமே" என்று எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றது உண்மைதான். சார்ஜ் போட்டு ஓட்ட அது என்ன போனா என்று கேலி செய்தார். "ஒருதடவ ஏறிப் பாருங்க மாமா, அப்புறம் இறங்க மாட்டீங்க" என்று மாப்பிள்ளை சிரித்தார். அவர் உயிரோடு இருந்தவரை முடியாத அந்த வழக்கில் இப்போது ஊரே கூடி இவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இவரும் தலையாட்டினார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, சரி. இவர் மூட முயலவும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. பாவம், அந்த வண்டி என்ன செய்தது?

கடையைத் திறந்த அன்று முதல் வேலையாகக் கிண்ணத்தைக் குப்பையில் கொட்டினார். கேட்டு வந்தவர்களிடம் சரக்கு இல்லை என்றார்.

பொய் கொஞ்ச நாள் நன்றாகவே வேலை செய்தது. மகள் எழுந்தாள், குளித்தாள், குழந்தைக்கு ஊட்டினாள். பாப்பாவைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய நாள் வந்தபோது, நானே ஓட்டுகிறேன் என்று எங்கள் பழைய பெட்ரோல் காரின் சாவியை வாங்கினாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இவர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் பாப்பாவை அவளுடைய சின்ன இருக்கையில் வைத்துப் பெல்ட் வாரை எடுத்தேன்.

"விடும்மா" என்றாள் மகள், திரும்பாமலே. "போட்டுக்கிட்டவர் வந்துட்டாரா?"

அவளும் போட்டிருக்கவில்லை. என் கை அப்படியே நின்றது. வண்டி கிளம்பியது. பாப்பாவுக்குக் கொண்டாட்டம். இருக்கையிலிருந்து வழுக்கி இறங்கி, முன் சீட்டுகளுக்கு நடுவில் நின்று தாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். சட்டையைப் பிடித்து என்ன ஆகும்? பெரிய சாலையில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. மகளும் பிரேக்கை அழுத்தினாள். பாப்பா என் பிடியிலிருந்து நழுவிப்போய் முன் சீட்டின் முதுகில் நெற்றி இடித்துக்கொண்டு, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

"ஓரமா நிறுத்தும்மா" என்றார் இவர்.

நிறுத்தினாள்.

"மாப்பிள்ளை பெல்ட் போடல."

மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். "அப்போ வண்டி கத்தியிருக்குமே?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "நம்ம கடை கிளிப்புதானாப்பா?"

"ம்."

"நான் வாங்கிட்டுப் போனதா?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் மகளின் கண்கள் என்னைத் தேடின.

"உனக்கும் தெரியுமாம்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நீ கேட்டாலும் நான் கொடுத்திருக்கக் கூடாதும்மா" என்று இவர் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். வாய்விட்டு அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அழவில்லை. சுற்றி வந்து பின்கதவைத் திறந்து, பாப்பாவைத் தூக்கி இருக்கையில் உட்காரவைத்து வாரை மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"அம்மா, இறுக்குது" என்றாள் பாப்பா.

"இறுக்கட்டும்."

பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்து எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. பாதி உடம்பு வெளியேயும் பாதி உள்ளேயுமாகக் குனிந்தபடி, வாரைப் பிடித்த கையை எடுக்காமல் அவள் நின்றாள். முன் சீட்டில் இவர் தன் பெல்ட்டை இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, அதை மாட்டுகிற துளை எங்கே என்று தெரியாமல் தடவிக்கொண்டே இருந்தார்.