துவைக்கிற கல் இல்லாத வீடு

வாடகைக்கு வீடு பார்க்க வந்த வேன்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வந்ததும் நின்றுவிட்டார், அதற்கு மேல் போக இடமில்லை. படுக்கையும் சமையலும் அந்த ஒரே அறையில்தான். மூலையில், திரும்பினால் தோள் இடிக்கிற ஒரு கழிப்பறை. தெருவில் இதற்குத் தீப்பெட்டி என்று பேர். கூட்டிவந்த தரகர்கூட வீடு என்று சொல்லக் கூச்சப்பட்டு, "கச்சிதமா இருக்கும்" என்றுதான் சொன்னார். வாடகைக்கு விடுகிற தையல்காரம்மா கதவருகே அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். இதுவரை வந்தவர்கள் அறையின் சிறுமையைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். துணி எங்கே துவைப்பது என்று கேட்டு, பதில் கிடைத்ததும், "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். இவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"தம்பி, பின்னாடி பேச்சு வரக்கூடாது. இங்க துணி துவைக்க வசதி கிடையாது. கல்லு, தொட்டி, கொடி எல்லாம் பையன் வீட்டுப் பக்கம். அங்க வரக்கூடாது."

"பரவால்லம்மா. நாங்க ரெண்டே பேரு. என்ன பெரிய துணி, வெளியில பாத்துக்குவோம்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அறையில்தான் அவள் பாதி ஆயுசைத் தைத்துத் தீர்த்தாள். கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும், மெஷினை விற்றுவிட்டு அறைக்குத் தனி வாசல் வைத்தான் மகன். வீடும் நிலமும் அவன் பேருக்கு எப்போதோ மாறியாயிற்று. "வாடகையை நீயே வச்சுக்கம்மா" என்று சொல்லியிருந்தான். கண்ணுக்கு விடுகிற மருந்துக்கு மருமகளிடம் போய் நிற்க வேண்டாம் என்பதே அவளுக்குப் பெரிய விஷயம்.

குடிவந்த அன்றுதான் மனைவியைப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற அந்த மஞ்சள் வேனின் பின் சீட்டிலிருந்து, கல்யாணப் பெண்ணைப் போல, அவளை இரண்டு கைகளில் ஏந்தி இறக்கினார் வேன்காரர். இடுப்புக்குக் கீழே உயிரில்லை. அந்த நொடியே தையல்காரம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது தினமும் விரிப்பு நனைகிற குடும்பம். ஏமாற்றிவிட்டானே என்றிருந்தது. ஆனால் ஏந்தி வந்தவர் முகத்தைப் பார்த்ததும் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

கொஞ்ச நாள் வண்டி ஓடியது. விடிந்ததும் விடியாததுமாக அழுக்குத் துணி வாளியை வேனில் ஏற்றிக்கொண்டு போய், வண்டிகள் நிறுத்துகிற ஷெட்டில் அலசிக்கொண்டு வருவார். பிறகு ஷெட் காவலாளி தடுத்துவிட்டான். சலவைக் கடைக்காரர் பையைப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். கழிப்பறைக் குழாயிலோ தண்ணீர் நூல் மாதிரி வந்தது. வாடை மெல்ல முன்னால் இருந்த மகன் வீட்டுக்கு நகர்ந்தது. மருமகள் கைக்குழந்தையின் தொட்டிலை வேறு அறைக்கு மாற்றினாள். ஜன்னலை அடித்துச் சாத்துகிற சத்தத்திலேயே எல்லாம் இருந்தது.

ஒரு மத்தியானம், காலி பண்ணச் சொல்லிவிடுவது என்று தையல்காரம்மா கதவைத் தட்டினாள். உள்ளே சுவருக்குச் சுவர் கயிறு கட்டி ஈர விரிப்புகள் தொங்கின. குனிந்து, விலக்கி, குனிந்து போக வேண்டியிருந்தது. கடைசி விரிப்புக்கு அடியில் அந்தப் பெண் படுத்திருந்தாள். நெற்றியில் சொட்டிய தண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

"வீட்டை நாறடிக்கிறேன்ல" என்று சிரிக்கப் பார்த்தாள். "தண்ணி குடிக்கிறத கொறைச்சுட்டேன்மா. இன்னும் கொறைச்சுக்கறேன். அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

அவள் உதடு வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. தையல்காரம்மா ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். மூலையில் குவிந்திருந்ததை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கல்லுக்குப் போனாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மத்தியானங்கள் அப்படித்தான் கழிந்தன. சொந்த வீட்டில் திருடியைப் போலத் துவைத்தாள். கை வலித்தது, ஆனாலும் மெஷினை விற்ற பிறகு முதல்முறையாக ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்தது.

மருமகள் ஒருநாள் தலைவலி என்று சீக்கிரம் வந்துவிட்டாள். கொடியில் குழந்தையின் சட்டைகளுக்குப் பக்கத்தில் அந்த விரிப்புகள். அவள் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மகன் வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தான். ரொம்பக் களைத்திருந்தான்.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லம்மா. பச்சக் குழந்த இருக்கற வீடு. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"அவ எங்கடா போவா?"

"அது நம்ம பாரமா? நீதானே வச்ச. நீயே சொல்லிடு."

இது நான் கட்டின வீடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அப்புறம் தான் எங்கே போய் இருப்பது? முழுங்கிவிட்டாள். மறுநாள் அவள் அறை வாசலில் போய் நின்றதுமே வேன்காரர் எழுந்துவிட்டார்.

"புரியுதும்மா. நீங்க சங்கடப்படாதீங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இப்போது அங்கே கைபேசிக் கடையில் வேலை பார்க்கிற ஒருவன் இருக்கிறான். துணியெல்லாம் அக்கா வீட்டில் துவைத்து வந்துவிடுகிறது. மருமகள் மறுபடி ஜன்னலைத் திறந்து வைக்கிறாள்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மத்தியானம், விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால், மரத்தடியில் அந்த வேனைப் பார்த்தாள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கிற நேரம். கண்ணாடிகளுக்கு உள்பக்கம் துணி கட்டியிருந்தது. வேன்காரர் படியில் உட்கார்ந்து, கேன் தண்ணீரில் எதையோ அலசிப் பிழிந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சட்டென்று எழுந்தார். வீட்டுக்காரம்மாவுக்கு எழுந்து நிற்கிற அதே பழக்கம். கையில் இருந்ததை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"வீடு ஏதாவது கெடைச்சுதா தம்பி?"

"பாத்துட்டிருக்கோம்மா."

"யாருங்க அது?" உள்ளேயிருந்து கேட்ட குரல் காய்ந்திருந்தது.

அவர் தையல்காரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருமில்ல" என்றார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் கோடு போட்டு மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.