சொட்டு மருந்துக்குப் பின் ஒரு கையெழுத்து

கண் ஆஸ்பத்திரியின் கடிதம் வழவழவென்று நல்ல காகிதத்தில் வந்திருந்தது. இல்லாதவர்களை மிரட்ட மட்டும் இவர்களுக்கு உசத்தியான காகிதம் எங்கிருந்துதான் கிடைக்கிறதோ என்று முனகிக்கொண்டே கடியாரம் அதை இரண்டு தடவை படித்தாள்.

கடியாரம் என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். முப்பத்தோரு வருஷம் வாசல் அறையில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் யாருக்குப் பதிலாக வருகைச்சீட்டில் முத்திரை அடித்தார் என்று பிடித்துக் கொடுத்தவள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், பெயருக்குக் கொடுக்கவில்லை. இப்போது, செத்துப்போன அண்ணனின் மனைவியோடு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையுமாகக் குடித்தனம். அண்ணி கிழிந்த துணிகளைத் தைத்துக் கொடுத்து நாலு காசு பார்ப்பவள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் எடுத்தாயிற்று, இடது கண் மீதி. அந்த இடது கண்ணுக்குத்தான் கடிதம் வேட்டு வைத்திருந்தது.

"என்னடி எழுதியிருக்கான்?" என்றாள் அண்ணி.

"வலது கண்ணுக்குப் பாக்கி இருக்காம். கட்டினாத்தான் இடது கண்ணுக்குத் தேதியாம். உன் கண்ணை அடகு பிடிச்சு வச்சிருக்கான்."

"போகட்டும் விடு. ஒத்தக் கண்ணு போதும். ஊசில நூல் கோக்க நீ இருக்கியே."

"நான் செத்துப்போயிட்டா?"

"நிம்மதி. உன்னைப் பாக்குறதுக்குன்னு தனியா ஒரு கண்ணு தேவைப்படாது."

பேச்சு பெரிய பேச்சுதான். ஆனால் அண்ணியின் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். போன வாரம் ஒருவரின் சட்டைக் கையை, கையே நுழையாதபடி மூடித் தைத்துவிட்டாள். அந்த ஆள் அப்புறம் துணி கொண்டு வரவில்லை. இப்படியே போனால் மற்றவர்களும் வரமாட்டார்கள்.

அண்ணியிடம் நீல அட்டை இருக்கிறது. வருமானமில்லாத வயசானவர்களுக்கு அரசாங்கம் கொடுப்பது. அரசாங்கம் தருவதை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், நோயாளியிடம் சல்லிக்காசு கேட்கக்கூடாது. அட்டையின் பின்பக்கத்திலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. பிறகு பாக்கி எங்கிருந்து முளைத்தது? மறுநாள் காலை இருவரும் கிளம்பிப் போனார்கள்.

பில் கவுண்டரில் இருந்தவள் மூச்சுக்கு மூச்சு 'அம்மா' போட்டாள். பெற்ற பிள்ளைகூட அத்தனை தடவை கூப்பிட்டிருக்காது.

"அம்மா, அட்டை இருக்குறது எங்களுக்கும் தெரியும்மா. ஆனா அட்டை வேணாம், நானே கட்டிக்கிறேன்னு அவங்களே விருப்பப்பட்டு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா."

"யாரு, நானா?" என்றாள் அண்ணி. "ஆபரேஷனுக்குச் சம்மதம்னு சொல்லித்தானே நீட்டினே?"

"படிச்சுப் பாத்துக் கையெழுத்து போட்டேன்னு இதுலயே இருக்குங்களேம்மா."

"அதைக் குடு, நானும் கொஞ்சம் படிக்கிறேன்" என்று கடியாரம் கையை நீட்டினாள்.

கையெழுத்து அண்ணியுடையதுதான். ஆனால் கோட்டின்மேல் இல்லை. அச்சடித்த வரிகளின் குறுக்கே, குடித்தவன் தெருவைக் கடக்கிற மாதிரி சாய்ந்து கிடந்தது. கடியாரத்தின் கண் அதற்கும் மேலே போனது. மூலையில் ஒரு முத்திரை: தேதி, நேரம், பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். முத்திரையைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய நாற்காலியில் உட்கார்ந்ததுபோல முதுகு நிமிர்ந்தது.

"அண்ணி, உன் சிகிச்சைச் சீட்டை எடு."

பையைத் துழாவி அண்ணி எடுத்தாள். அதே தேதியில் நர்ஸ் ஒழுங்காக எழுதி வைத்திருந்தாள். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து: பத்து ஐந்து, பத்துப் பதினைந்து, பத்து இருபத்தைந்து. அதன்கீழ் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: 'நான்கு மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். படிக்க முயல வேண்டாம்.'

கடியாரம் இரண்டு தாளையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"பத்து இருபத்தஞ்சுக்கு நீங்களே கண்ணை அவிச்சீங்க. பத்து நாப்பத்திரண்டுக்குப் படிச்சுப் பாத்தாங்களா? எதை வச்சு, மூக்கை வச்சா?"

கவுண்டர்க்காரிக்கு 'அம்மா'வெல்லாம் தீர்ந்துபோயிற்று. உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள். மடிப்புக் கலையாத சட்டை, கலையாத சிரிப்பு.

"சின்னத் தவறுதாங்க. டாக்டருக்கு இந்த பில் விவகாரமெல்லாம் ஒண்ணும் தெரியாது. நல்லெண்ணத்துல பாதி தள்ளுபடி பண்ணிடறோம்."

"தள்ளுபடியா? பிக்பாக்கெட் அடிச்சவன் பாதியைத் திருப்பிக் குடுத்தா அதுக்குப் பேரு நல்லெண்ணமா? பாக்கியே இல்லைன்னு எழுதுங்க. இல்லைன்னா இந்த ரெண்டு தாளையும் அட்டை குடுக்குற ஆபீஸ்ல வச்சுக்கிட்டுப் பேசலாம்."

அண்ணி அவள் முந்தானையை இழுத்தாள். காதோரம் குனிந்து, "போதும்டி. நாளைக்கு இவங்க கத்திகிட்டத்தானே நான் கண்ணைக் காட்டிக்கிட்டுப் படுக்கணும்" என்றாள்.

அண்ணி சொல்வதும் சரிதான் என்று பட்டது கடியாரத்துக்கு. தான் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம், படுக்கப்போவது அவளல்லவா? இந்தப் பயத்தை நம்பித்தானே இவர்கள் பிழைப்பே நடத்துகிறார்கள் என்று தோன்றியதும், இரண்டு தாளையும் மேனேஜர் பக்கம் தள்ளினாள்.

"கத்தி பிடிக்கிறவருக்கு பில் விவகாரம் தெரியாதுன்னு இவரே இப்பதான் சொன்னாரு, அண்ணி. தேதியும் எழுதுங்க சார். இடது கண்ணுக்கு. முத்திரையோட."

மேனேஜர் எழுதினார். பாக்கி இல்லை, அடுத்த வியாழன், காலை எட்டு மணி. முத்திரை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அண்ணி முந்தானையை விட்டாள்.

திரும்பினால், பெஞ்சு நிறைய வயசானவர்கள். ஒவ்வொரு நெற்றியிலும், எந்தக் கண் என்று காட்ட ஒரு சின்ன ஒட்டுத் துண்டு. சொட்டு மருந்து விட்டு, அரைக்கண் மூடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டர்க்காரி அதற்குள் முதல் ஆளிடம் போய், அதே மாதிரி ஒரு தாளை அவர் மடியில் வைத்திருந்தாள்.

"எங்கம்மா போடணும்?" என்று பெரியவர் பேனாவோடு காற்றில் தேடினார். அவள் அவர் விரலைப் பிடித்துக் காட்டினாள்.

"பெரியவரே, என்னன்னு தெரியுமா அது?" என்றாள் கடியாரம்.

"ஏதோ ஆபரேஷனுக்குச் சம்மதமாம்."

"அம்மா, உங்க விஷயம்தான் முடிஞ்சிடுச்சே, கிளம்புங்க" என்றார் மேனேஜர். சிரிப்பு இப்போது கலைந்திருந்தது.

"வீட்ல எனக்கு ஒரு வேலையும் இல்லீங்க" என்று கடியாரம் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியைப் படித்தாள். பெஞ்சில் இருந்த தலைகளெல்லாம் அவள் பக்கம் திரும்பின.

அண்ணியும் வந்து இடித்துப் பிடித்து உட்கார்ந்தாள்.

"சத்தமா படிடி" என்றாள். "அந்தக் கடைசியில இருக்குறவருக்குக் காதும் மந்தம் போல."