கசப்பு ஆரஞ்சுத் தோலின் எண்ணெய், நான்கு விரல் அளவு

1

ஒரு ஏமாற்றத்தில்தான் இந்தக் கதை தொடங்கியது. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறவள் நான். அவற்றில் யாராவது காதலில் விழப்போகிறார்கள் என்றால் நாலு பக்கம் முன்னாலேயே ஆரஞ்சுப் பூ மணக்கத் தொடங்கிவிடும். அந்தப் பூவை நான் முகர்ந்ததே இல்லை. முகராமலே பத்து வருஷம் உருகியிருக்கிறேன். ஒரு நாள் எனக்கே வெட்கமாகிப்போய், வாசனை எண்ணெய் காய்ச்சும் ஒரு பட்டறையைத் தேடிப் போனேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மூன்று காகிதக் கீற்றுகளை நீட்டினாள். பூ எண்ணெய், துவைத்துக் காய்ந்த துணிக்குள் யாரோ தேனை ஒளித்து வைத்ததுபோல இருந்தது. நல்ல மணம்தான். ஆனால் யார்மேலும் காதல் வரவில்லை. இரண்டாவது, இலையும் குச்சியும் சேர்த்துக் காய்ச்சியது. பச்சைக் குச்சியைக் கிள்ளி மூக்கருகே வைத்தாற்போல. மூன்றாவது, பழத்தோல் எண்ணெய். முகர்ந்ததும் கண்ணைச் சிமிட்டினேன்.

"மூணும் ஒரே மரம்தாங்க. கசப்பு ஆரஞ்சு," என்றாள். "பூவுக்கு விலை, இலைக்கு வேலை, தோலுக்குக் கோபம்."

"கோபமா?"

"பிழிஞ்ச தோல் எண்ணெயைத் தடவிக்கிட்டு வெயில்ல போய்ப் பாருங்க. சுட்டுடும். தடவின விரல்கூடத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். யாருக்கு அப்படி ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலோடு வீடு திரும்பியிருப்பேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை. அந்தப் பெண்மீது பழி வேண்டாம்.

2

எழுதி விட்டுவிட்ட தொடக்கங்கள்:

"பூக்கள் உதிர்ந்து கிடந்த அந்தத் தோப்பில் காலை வெளிச்சம்—" (என் கதையில் தோப்பே இல்லை. பூக்கள் கோணியில் வந்து இறங்குகின்றன.)

"அவளுடைய மூக்கு அவளுக்கு வரமாகவும் சா—" (சாபம் என்று முடிக்கப் பேனாவே கூசியது.)

மூன்றாவது நிற்கட்டும்:

பட்டறையில் அவளை எல்லோரும் 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். பூ எண்ணெயில் இலை எண்ணெயைக் கலந்து விற்க வருகிறவன் புட்டியைத் திறக்கும் முன்பே, "மூடுங்கய்யா, வாசலிலேயே தெரியுது" என்பாள். ஒரு விஷயத்தில் மட்டும் அந்த மூக்கு அவளைக் கைவிடக்கூடும். தோல் எண்ணெய் இரண்டு வகை. பழத்தோலைப் பிழிந்து எடுப்பது ஒன்று, நீராவியில் காய்ச்சி எடுப்பது இன்னொன்று. மணத்தில் இரண்டும் அக்காள் தங்கை மாதிரி. வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் பொருள் பிழிந்ததில்தான் இருக்கும். நீராவி அதைத் தூக்கிக்கொண்டு வராது. எது எது என்று காகிதம் சொல்லும். ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் காத்திருந்தால், காய்ச்சியது தடமில்லாமல் பறந்துவிடும். பிழிந்தது மஞ்சளாக ஒரு வளையத்தை விட்டுப்போகும்.

ஒரு நாள் காத்திருக்க வேண்டும். கதை முழுவதும் அந்த ஒரு நாளுக்குள் இருக்கிறது.

(பூ எண்ணெய் பதற்றத்தைத் தணிக்கும், தூக்கம் தரும் என்று புட்டியில் ஒட்டிய தாள் சொல்கிறது. நான் இரண்டு சொட்டு தலையணையில் விட்டுப் படுத்தேன். இந்தக் கதையை யோசித்துக்கொண்டே விழித்திருந்தேன். எண்ணெயின் குற்றம் என்று சொல்லமாட்டேன்.)

3

திங்கட்கிழமை காலை. மூக்கு தன் வீட்டுச் சமையலறையில் ஒரு கலவை செய்துகொண்டிருந்தாள். பூ எண்ணெயும் தோல் எண்ணெயும். தோல் எண்ணெய், பட்டறைக்குப் புதிதாக வந்த மாதிரிப் புட்டி. அதில் சீட்டு இல்லை. முந்தின மாலை ஒரு கீற்றில் சொட்டு விட்டு, முகர்ந்து, 'காய்ச்சியது' என்று குறிப்பேட்டில் எழுதி, கீற்றையும் அதற்குள்ளேயே செருகி மூடிவிட்டாள். என் மூக்குக்குத் தெரியாததா காகிதத்துக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு.

அப்போது தங்கை வந்தாள். நிலம் அளக்கிறவள். கல்யாணமாகி எட்டு மாதம். வேலைக்குப் போகும் வழியில், அளவைக் கருவியின் முக்காலியைத் தோளில் மாட்டியபடி நின்றாள்.

"இன்னைக்கு முழுக்க வெட்டவெளிதான்க்கா. ஒரு மரம்கூட இல்லாத இடம்."

"கிட்ட வா. வேர்வை நாத்தம் தாங்காம உன் முக்காலியே ஓடிப்போயிடும்."

"முக்காலிக்கு ஏதுக்கா மூக்கு? எல்லா மூக்கையும் நீயே வாங்கிட்டு வந்துட்ட."

மூக்கு சிரித்துக்கொண்டே, கையில் மிஞ்சிய எண்ணெயை அவள் கழுத்தில் துடைத்தாள். பின்னாலிருந்து வளைத்துப் பிடித்து, இடப்பக்கம் நான்கு விரல், வலப்பக்கம் கட்டைவிரல்.

"ஐயோ, நான் என்ன கைத்துண்டா?"

"ஆமா, பிறந்ததிலிருந்து."

தங்கை கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

4

வியாழக்கிழமை தங்கை வேலை முடிந்து முக்காலியோடு அம்மா வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் நான்கு சிவப்புக் கோடுகள், மறுபக்கம் ஒன்று. ஓரங்களில் கொப்புளம். அம்மாதான் முதலில் பார்த்தாள். அண்ணனைக் கூப்பிட்டாள். மூக்கையும் கூப்பிட்டாள்.

"யாருடி இப்படி நெரிச்சது?"

"யாரும் நெரிக்கலம்மா. செவ்வாய்க்கிழமை எரிஞ்சுது. ஏதோ பூச்சி."

"பூச்சிக்கு அஞ்சு விரலா?"

"அவர் என்மேல கையே வைக்கலம்மா. சத்தியமா."

"அடி வாங்கினவங்க எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க," என்றான் அண்ணன். தங்கையை அன்றைக்கே அங்கே நிறுத்திக்கொண்டார்கள்.

தங்கையின் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துப் பொருத்தும்போதுகூட "வலிக்குதா?" என்று இரண்டு முறை கேட்பான். அந்தக் கடைக்குள் மூக்கு புயல்போல நுழைந்தாள்.

"என் தங்கச்சி கழுத்தைப் பிடிச்ச கை இதுதானா?"

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து தன் கைகளைப் பார்த்தான். குற்றம் செய்தவன் இப்படித்தான் பார்ப்பான் என்று அவளுக்குப் பட்டது.

5

இந்த இடத்தில் பத்து நாள் எழுதாமல் நிறுத்தினேன்.

அடிக்காத கணவனைப் பற்றி ஒருத்தி கதை எழுதினால், அடிக்கிற கணவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். "பாத்தியா, எண்ணெய்கூட இருக்கலாம்" என்பான். எனக்குத் தெரிந்த ஒருத்தி கோடைக்காலம் முழுக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகம் வந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்க ஒரு அம்மா, கத்த ஒரு அக்காள் இருந்திருந்தால் என்று நினைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட அக்காளை எடுத்து நான் தவறு செய்ய வைக்கிறேனே. மூக்கு கத்தியது தப்பா? தழும்பைப் பார்த்தும் பேசாமல் இருப்பவளைவிட அவள் மேல் இல்லையா?

கணவனையே மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். "அன்றைக்கு இல்லாவிட்டாலும் வேறொரு நாள் அவன்—" என்று ஒரு வரி எழுதினேன். அடித்தேன். எனக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒருவன்மேல் பழி போட்டால் எனக்கும் மூக்குக்கும் என்ன வித்தியாசம்?

பதினோராம் நாள்தான் ஒன்று உறைத்தது. தங்கை முதல் நாளே சொல்லிவிட்டாள். 'இல்லை' என்று தெளிவாக, சத்தியம் செய்து. அதை அந்த வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுதிக்கொண்டிருந்த நானும்தான்.

6

இரண்டு வாரம் போயிற்று. அடிபட்ட தோல் நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறி மறையும். இது மறையவில்லை. காப்பிக் கறைபோலப் பழுப்பாக உட்கார்ந்துகொண்டது.

பட்டறையில் மூக்கு பழைய கணக்கு ஒன்றைச் சரிபார்க்கக் குறிப்பேட்டைப் புரட்டினாள். கீற்று விழுந்தது. நடுவில் மஞ்சள் வளையம், எண்ணெய்ப் பிசுக்கோடு. அவள் அதை முகரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கீற்றைக் கண்ணால் மட்டும் பார்த்தாள். மாதிரிப் புட்டியில் சீட்டு எழுதி ஒட்டினாள். (அது வெளியே யாருக்கும் போகவில்லை. அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.) முதலாளியிடம் அரை நாள் விடுப்புச் சொன்னாள்.

அம்மா வீட்டில் தங்கை சன்னலோரம் தலை வாரிக்கொண்டிருந்தாள். மூக்கு பின்னால் போய் நின்று கையை அவள் கழுத்தில் வைத்தாள். சுண்டுவிரல் சற்று வெளியே வளைந்திருக்கும் அவளுக்கு. நான்காவது தடமும் வெளியே வளைந்திருந்தது.

"என்னக்கா, கை இப்படிச் சில்லுனு இருக்கு?"

"நான்தான்டி," என்றாள். "உன் கழுத்துல இருக்கறது என் கை."

7

இங்கே முடித்திருக்கலாம். மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

முதலாவதில் மூக்கு கடிதம் எழுதுகிறாள். கிழித்தேன். கடை நடுவில் கத்தியவள் மன்னிப்பை மட்டும் உறைக்குள் போட்டு அனுப்பலாமா? இரண்டாவதில் அம்மா உண்மையைக் கேட்டதும் அழுது எல்லோரையும் கட்டிக்கொள்கிறாள். அந்த அம்மா எனக்குக் கட்டுப்படவில்லை. அவள் சொன்னது இது:

"தங்கச்சி வாழணும்னு நீ பழியை ஏத்துக்கறியா? எண்ணெயாம், வெயிலாம். யார் காதுல பூ சுத்துற?"

மூன்றாவதுதான் நின்றது. மறுநாள் காலை மூக்கு அதே புட்டியிலிருந்து எண்ணெயை விரலில் தொட்டுத் தன் இடது முன்கையில் நான்கு கோடு இழுத்தாள். அம்மா வீட்டு மொட்டைமாடியில் நாற்காலி போட்டுப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்ந்தாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன, அப்பளம் காயுதா?" என்றான். அடுத்த நாள் எரிந்தது. மூன்றாம் நாள் நான்கு சிவப்புக் கோடு, கொப்புளத்தோடு.

அம்மா வெகுநேரம் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அண்ணன், "இருந்தாலும்..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுச் செருப்பைத் தேடினான்.

மூக்கு நேரே கண்ணாடிக் கடைக்குப் போனாள். கூட்டம் சேரும்வரை காத்திருந்தாள்.

"அன்னைக்கு இங்கே நின்னு கத்தினேன். அதே சத்தத்துல சொல்றேன். இவர் என் தங்கச்சியைத் தொடல. தப்பு என்னுது. என் கையைப் பாருங்க."

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்கக்கா. நிக்காதீங்க."

"ஒரு வார்த்தை திட்டுங்க மாப்பிள்ளை. என்னால தாங்க முடியல."

"திட்ட வரலக்கா. நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க. தூக்கத்துல ஏதாவது பண்ணிட்டேனோன்னு என் கையைப் பாத்தேன். இந்த ரெண்டரை வாரமா நான் கையைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்கறேன்."

மூக்கு உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை.

8

இதை எழுதுவதுதான் கடினம். அவனை அழைத்துக்கொண்டு மூக்கு அம்மா வீட்டுக்கு வந்தபோது தங்கை வாசலில் நின்றாள். ஒரு தோளில் பை, மறு தோளில் முக்காலி. தெருவில் ஒரு வாடகைக் கார்.

"கிளம்பிட்டியா? நல்லதாப் போச்சு, அவரே வந்துட்டார்," என்றாள் அம்மா.

"ஒரு நிமிஷம்மா." தங்கை எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "நான் சொன்னேன்ல? முதல் நாளே சொன்னேன்ல? என் பேச்சு போதல. அக்கா கையைச் சுட்டுக்கிட்டு வந்தா நம்புறீங்க."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏன் 'நான் செய்யல'னு ஒரு வார்த்தை சொல்லல?"

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா."

"எனக்கு வரல," என்றாள். "என் கழுத்து. எனக்கு ஒரு நிமிஷம்கூட வரல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீங்க."

அவன் ஆமாம் என்று தலையாட்டினான். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டி, பாதியில் நிறுத்தினான். "வாங்கலாமா?" என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். முக்காலியைக் கொடுத்தாள். பையைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். மூக்கின் அருகே வந்து அந்தக் கொப்புளத்தின்மேல் ஊதினாள், சின்ன வயதில் அக்காள் அவளுக்கு ஊதியதுபோல— (இல்லை. சின்ன வயது வேண்டாம். ஊதினாள், அவ்வளவுதான்.) பிறகு காரில் ஏறி, கதவைச் சாத்தாமல், ஓட்டுநரிடம் போக வேண்டிய இடத்தைச் சொன்னாள்.

அவன் முக்காலியோடு திறந்த கதவருகே நிற்கிறான். ஏறச் சொல்கிறாளா, முக்காலியை மட்டும் வாங்கிக்கொள்கிறாளா? அவன் வீடா, வேறு எங்காவது தனி அறையா?

அவள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் எழுதப் போவதில்லை. அம்மா, அண்ணன், அக்காள், நான் என்று எல்லோரும் அவளுக்காக முடிவு செய்து பார்த்தாயிற்று. கார் இன்னும் புறப்படவில்லை. நீங்களே போய் அவளைக் கேட்கலாம். முதல் தடவை சொல்லும்போதே நம்புவதாக இருந்தால் மட்டும் கேளுங்கள்.