இரண்டு முறை வந்த அம்மா

…இல்லை, எழுத்துப்பிழை இல்லை, இரண்டும் ஒரே மாதிரி ‘அம்மா’ என்றுதான் இருக்கின்றன, பிறகு ஏன் பாடியவர் பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது… அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள், கண்ணாடி என்ன செய்யும் பாவம். மத்தியான வண்டிக்குப் பெண் கிளம்புகிறாள், கல்லூரி விடுதிக்கு, முதல் தடவையாக வீட்டை விட்டு, காலையில் பல் துலக்கிக்கொண்டே மடிக்கணினியை இவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள், "சித்தி, பாட்டெல்லாம் பிச்சுப் பிச்சுக் கெடக்கு, போன்ல ஏத்தறதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க, உங்க லைப்ரரி மூளைக்கு இதெல்லாம் ஜுஜுபி." ஜுஜுபிதான். நூலகக் கணினியில் தினம் பார்க்கும் கூத்து, ஒரே ஆசிரியர் இரண்டு பேராக நிற்பார், கிளறிப் பார்த்தால் பெயரின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கும், எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வந்துவிட்ட வெற்று எழுத்து, திரையில் ஒன்றுமே தெரியாது, கணினிக்கு மட்டும் அது வேறு ஆள். காலையிலிருந்து எத்தனையோ பாடகர்களைச் சேர்த்து வைத்தாயிற்று, கோபித்துக்கொண்டு போன சம்பந்திகளைச் சமாதானம் பண்ணுகிற மாதிரி… இந்த ஒன்றில்தான் கை நின்றுவிட்டது.

முதல் ‘அம்மா’ யாரென்று கேட்க வேண்டாம், பெண்ணைப் பெற்றவள், கூடத்தில் மாலை போட்ட படத்தில் சிரிப்பவள், குழந்தையைத் தூங்கவைக்க அவள் பாடியதைப் பெண்ணின் அப்பா பழைய கைப்பேசியில் பதிந்து வைத்தது. இரண்டாவதும் அதன் நகலாக இருக்கும், அழித்துவிடலாமா, வேண்டாம், கேட்டுவிட்டு… சொடுக்கினாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம். துணி உதறும் சத்தம். அப்புறம் சுருதி ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் என்று ஒரு முனகல், மேலே ஏற முடியாமல் பாதியில் இருமல்… ஐயோ, இது நான். அடுத்ததும் நான்தான், இஸ்திரி போட்டுக்கொண்டே. பதிந்த தேதி… இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்த புதிதில் அல்லவா, அப்போதெல்லாம் இந்தப் பெண் முகம் கொடுத்துப் பேசியதே இல்லையே, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாளே, எந்தக் கதவுக்குப் பின்னால் நின்று பதிந்தாள்… ஒட்டாது, எதிர்பார்க்காதே என்று ஊரே சொல்லி அனுப்பியதே. கடவுளே, யாருக்கு நன்றி சொல்வது, பெண்ணுக்கா, பெண்ணுக்கு இப்படி ஒரு மனசைக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் புண்ணியவதிக்கா…

"வண்டி நமக்காக நிக்குமா?" வாசலிலிருந்து அவர் குரல், "அந்த வாலு பெட்டிமேல ஏறி உக்காந்து பூட்டுது, வந்து பாரு!"

வருகிறேன், வருகிறேன்… குறியை எடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், ஒரே பெயருக்குக் கீழே அவளும் இவளும், தாலாட்டை அடுத்து வாளிச் சத்தம். எடுப்பதா? பெண்ணே வேண்டுமென்று பிரித்து வைத்திருந்தால்? பெற்றவள் தனி, இவள் தனி, நியாயம்தானே, பக்கத்தில் இடம் கொடுத்ததே பெரிது, மேலே ஆசைப்பட்டால் பேராசை… என்றாலும் கூப்பிட்டாள்.

"இங்க ‘அம்மா’ன்னு ரெண்டு வருது. அப்படியே விட்டுடவா கண்ணு?"

பெண் வந்து திரையைப் பார்த்தாள். காது மடல் சிவந்தது.

"ஐயே, கேட்டுட்டீங்களா?"

"கழுதை கத்தற மாதிரி இருக்கு."

"தெரியுதுல்ல? ஆனா ரெண்டு எதுக்கு, நான் ஒண்ணாத்தான் போட்டேன் சித்தி. அதுவா பிரிஞ்சிருக்கு. சேர்த்துடுங்க…" வாசல்படி வரை போனவள் திரும்பினாள், "அந்த இருமலை மட்டும் வெட்டிடாதீங்க."

விரல் விசைமேல் நின்றது, கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு அழுத்தினாள், பட்டியல் ஒரு முறை துடித்து அடங்கியது, ஒரே ஒரு ‘அம்மா’. யாரும் போடாத குறி… அப்படியென்றால் பக்கத்து அறையில் அந்தத் தாலாட்டு கேட்கும்போதெல்லாம், இவள் தானாகவே ஒதுங்கி எழுந்து போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாளே இத்தனை வருஷமாக, போ என்று யார் சொன்னது, ஒருவரும் சொல்லவில்லையே…