இரும்புக்காதுப் பெரியவர்

உலகோர் நலன் கருதி இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஆண்மை காதில் இருக்கிறது. மீசையில், தோளில், நெஞ்சில் என்று இதுவரை தேடி அலைந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம். தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் ஒரு பட்டறை இதை எண்பது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது.

அங்கே பன்னிரண்டு பிரஸ் மெஷின்கள். நாள் முழுக்கத் தகரத்தின் தலையில் இடி. அந்த இடிக்கு நடுவே காதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் நிற்பவன் ஆண். வைத்துக்கொள்பவனைச் சொல்லத் தனியாக ஒரு வார்த்தை உண்டு. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் வரும்போது மட்டும் அதைத் தணிந்த குரலில் சொல்வார்கள். தணிந்த குரல் என்றால் தெருமுனை வரைக்கும்தான் கேட்கும்.

மருமகள் என்றால் ஃபோர்மேனின் மருமகள். அவள் புருஷன் ஏழாம் நம்பர் மெஷினில் நிற்கிறான். போன மாதம் டாக்டர் சொல்லிவிட்டார்: இடது காது போய்விட்டது, வலதில் பாதிதான் மிச்சம், மூடாவிட்டால் அதுவும் போகும். வீட்டில் ஆறு மாதக் குழந்தை. அது முதல்முதலாக 'அப்பா' என்று சொல்லும்போது கேட்பதற்கு அரைக் காதாவது இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஸ்டோரில் உறை பிரிக்காமல் கிடந்த காதுமூடிகளில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதை மாட்டிக்கிட்டு அப்பா மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"எம் மூஞ்சில மட்டும் முழிக்கலாமாக்கும்!"

ஃபோர்மேன் சுவரைக் காட்டினார். அங்கே படமாகத் தொங்கியவர் அவருடைய தாத்தா, பட்டறையின் முதல் மெஷின்காரர். இரும்புக்காதுப் பெரியவர் என்று பட்டம்.

"முப்பது வருஷம் நின்னாரும்மா. ஒரு துண்டு பஞ்சு வச்சதில்ல, முகம் சுளிச்சதில்ல. அந்த ரத்தம் எங்க உடம்புல ஓடுது."

"காதுப் பக்கம் ஓடலை போல, மாமா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல மாமா."

ஸ்டோர் பரணில் பழைய காகித மூட்டை ஒன்று இருந்தது. கறையான் தின்றது போக மிச்சத்தை மூன்று மதியம் உட்கார்ந்து புரட்டினாள். மூன்றாம் நாள் பெரியவர் அகப்பட்டார், இரண்டு காகிதங்களில். முதலாவது, அவரை வேலைக்கு எடுத்தபோது எழுதிய குறிப்பு: 'சிறுவயதுக் காய்ச்சலில் இரு காதும் அறவே கேளாது. ஆகவே சத்தம் இவரைத் தொந்தரவு செய்யாது.' மற்றது, பெரியவர் தன் கையாலேயே முதலாளிக்கு எழுதியது: 'கூட வேலை செய்கிறவர்கள் சாயங்காலமானால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். பார்க்கப் பாவமாக இருக்கிறது. அவர்களுக்குப் பஞ்சு வாங்கித் தரவும். எனக்கு வேண்டாம்.'

மறுநாள் சாப்பாட்டு வேளையில், மெஷின்கள் ஓய்ந்திருந்தபோது, பெஞ்சில் ஏறி நின்று இரண்டையும் அடித்தொண்டையில் படித்தாள். கேட்காதவர்களுக்குக் காகிதம் கைமாறிப் போயிற்று. எல்லோரும் படித்தார்கள். எண்பது வருஷ வீரம் மொத்தமும் ஒரு காய்ச்சல்தான் என்று தெரிந்தால் மனிதர்களுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரும் என்று அவள் நம்பினாள். நல்ல பெண்தான், ஆண்களோடு பழக்கம் போதாது.

ஃபோர்மேன் எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"கடைசி வரியைப் பாத்தீங்களாடா? 'எனக்கு வேண்டாம்!' ஆம்பளைன்னா அவருய்யா!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. அவள் புருஷனின் வலது காதுக்கு ஓடிப்போய்க் கத்தினாள்: "அவருக்குக் காதே கேக்காதுங்க!"

"ஆமா. அதைக்கூட ஒருத்தர்கிட்டயும் சொல்லிக்கல பாரு" என்றான் அவன், பெருமையாக.

பஞ்சு வாங்கித் தரச் சொன்ன வரியை விட்டுவிட்டு, 'எனக்கு வேண்டாம்' மட்டும் பலகையில் எழுதிப் படத்துக்குக் கீழே மாட்டுவதென்று முடிவாயிற்று. எழுதும் பொறுப்பு, ரத்த பாத்தியதைப்படி, ஏழாம் நம்பருக்கு.

அன்று சாயங்காலம் அவள் குளித்துவிட்டு வந்தபோது, அவன் தொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நாக்கைக் கடித்தபடி, 'வேண்டாம்' என்பதற்குச் சிவப்பு மை பூசிக்கொண்டிருந்தான்.

குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவனுக்குக் கேட்கவில்லை.