வடிய வைத்த மூட்டைகள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டுப் பின்வேலியோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகர வாய்க்காலைச் சுத்தம் செய்ய இன்று காலை ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவரை ஏணிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் மேலிருந்து அள்ளிப் போட, மனைவி கீழே சாக்கில் பிடித்துக்கொண்டார். ஏணி வீட்டின் மறுபக்கம் போன நேரத்தில் மனைவி சொன்னதுதான் கதை. முடிவைச் சொல்வதற்குள் கணவர் இறங்கி வந்துவிட்டார். (பிறகுதான் புரிந்தது, முடிவு மனைவியிடமும் இல்லை.)

2

முதல் தொடக்கம்: "மழை ஓய்ந்த மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல—"

வேண்டாம். வானத்தில் தொடங்கினால் தரைக்கு வந்து சேர நேரமாகும். இது முழுக்கத் தரையில் நடந்த விஷயம்.

இரண்டாவது: "அழுகிய இலை, பறவை எச்சம், எந்தக் குழந்தையோ எறிந்த பந்து, எல்லாம் ஊறிக் கறுத்து—"

இதுவும் எழுத்துக்காரன் பேச்சு. மனைவி சொன்னதே நேராக இருந்தது.

"ஈரத்தோட தூக்க முடியாதுங்க, இடுப்பு போயிடும். சாக்குக்கு அடியில ஓட்டை போட்டு, ஒரு நாள் சுவரோரமா சாய்ச்சு வெச்சா தண்ணி வடிஞ்சிடும். மறுநாள் வந்து எடுத்துட்டுப் போய் உரக்குழியில கொட்டிடுவோம்."

இது அவர்கள் வேலை செய்யும் முறை. நினைவில் வையுங்கள், இந்தக் கதை அந்த ஓட்டைகள் வழியாகத்தான் வடிகிறது. (அழகான வாக்கியம். அடித்திருக்க வேண்டும்.)

3

போன வாரம் ஒரு தையல்காரம்மா* வீட்டில் வேலை. தனியாக இருப்பவர். வாசலில் மூட்டை நின்றால் துணி கொண்டு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களே என்று மனைவி அவற்றைப் பின்வாசல் படியோரம் வைத்தார். நல்ல மனசோடுதான் வைத்தார்.

மறுநாள் மூட்டையை எடுக்கப் போனபோது வீடு பூட்டியிருந்தது. காலையில் தலைசுற்றிப் பின்வாசலில் விழுந்துவிட்டார், இடுப்பெலும்பு முறிவு, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

"படி முழுக்கக் கறுப்பா வழவழன்னு கெடந்துச்சு. அதுல ஒரு குதிகால் வழுக்கின தடம், நீளமா. ரெண்டு பேரும் பார்த்தோம்."

ஏணிக்காரர் மூட்டைகளை வண்டியில் ஏற்றினார். மனைவி பிளீச்சிங் பவுடர் போட்டுப் படியைத் தேய்த்தார்.

"ஏன் தேய்ச்சீங்க?" என்று கேட்டேன்.

"வேற யாரும் விழுந்துடக் கூடாதுன்னு." சாக்கின் வாயைச் சுருட்டினார். "அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

மூட்டை உரக்குழிக்குப் போய்விட்டது. படி பளிச்சென்று ஆகிவிட்டது. இப்போது மிச்சமிருப்பது அவர்கள் வாய்ச்சொல் ஒன்றுதான்.

* ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கத் தொழிலை மாற்றலாமா என்று பார்த்தேன். மனம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் மெஷின் மிதித்தவருக்குத் தன் கால்மேல் இருக்கும் நம்பிக்கை வேறு தொழிலில் கிடைக்காது.

4

மனைவி மட்டும் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே தையல்காரம்மாவின் மகன் நின்றுகொண்டிருந்தான். தலைசுற்றல் வந்தவரை இனித் தனியாக விட முடியாது, வேறு ஊரில் இருக்கும் தன் மாடி வீட்டுக்குக் கூட்டிப் போகிறான், தையல் மெஷின் வைக்க அங்கே இடமில்லை, இந்த வீட்டைக் கொடுத்துவிடப் போகிறான். கெட்டவன் இல்லை. அம்மாவின் போர்வையை அவன்தான் சரிசெய்துகொண்டிருந்தானாம்.

தையல்காரம்மா சொன்னது இது: "எனக்குத் தலை சுத்தின ஞாபகமே இல்லம்மா. ஆனா சுத்தாம எப்படி விழுவேன்? பழகின படி. இனிமே என் காலை நானே நம்ப முடியாது போலிருக்கு."

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி கணவரிடம் பேசியிருக்கிறார்.

"சொன்னா நம்ம பொழைப்பு போச்சு," என்றாராம் ஏணிக்காரர். "அப்புறம் எவன் நமக்கு கேட்டைத் திறப்பான்? நாம சொன்னா எலும்பு கூடிடுமா?"

"எலும்பு கூடாதுங்க. ஆனா அவங்களுக்குத் தலை சுத்தலையே."

5

முடிவுகள்.

அ. தையல்காரம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவர்களைக் காப்பாற்றத்தான் தலைசுற்றல் என்று ஒத்துக்கொண்டார். எழுதி முடித்ததும் என் கண்ணே கலங்கியது. உடனே அடித்துவிட்டேன். விழுந்தவரையே மன்னிக்கவும் வைப்பது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம்.

ஆ. மனைவி போய்ச் சொல்கிறார். மகன் மனம் மாறுகிறான். எவ்வளவு முயன்றும் இந்த மகன் என் பேச்சைக் கேட்கவில்லை. "இன்னைக்கு சேறு, நாளைக்கு சோப்புத் தண்ணி. எதுல வழுக்கினா என்ன?" என்கிறான். உண்மையைச் சொல்வதால் வீடு திரும்பக் கிடைக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. அவருடைய கால் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அவ்வளவுதான். அது சின்ன விஷயமா?

இ. யாரும் சொல்லவில்லை. மகன் வீட்டில் தையல்காரம்மா எழும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும்—

இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை.

6

இன்று காலை மனைவி கடைசியாகக் கேட்டது: "நாளைக்கு சாயங்காலம் மகன் கூட்டிட்டுப் போயிடுவான். நீங்க எழுதுறவங்க, நாலும் யோசிப்பீங்க. நீங்களா இருந்தா சொல்வீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஏணிக்காரர் ஏணியோடு வந்துவிட்டார். "காலையில வந்து மூட்டையை எடுத்துக்கிறோம் சார்," என்றார். மனைவி படியருகே இருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக வேலியோரம் இழுத்துக்கொண்டு போய் வைத்தார். தண்ணீர் சொட்டும் கனத்தோடு இழுத்தார். கணவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கடைசி மூட்டைக்கு அவரும் ஒரு கை கொடுத்தார்.

அந்தக் கை என்ன சொல்கிறது என்று வெகுநேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் விருப்பத்தை அதில் ஏற்றக் கூடாது.

மூட்டைகளிலிருந்து கறுப்புத் தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. காலையில் அவர்கள் வருவார்கள். அவர் மூட்டையைத் தோளில் ஏற்றும்போது, மனைவி என் முகத்தைப் பார்ப்பார். அதற்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும், இல்லை உங்களுக்காவது வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், பின்வாசலுக்கும் கூட வாருங்கள்.

படியில் பார்த்துக் கால் வையுங்கள்.