பாதிரியாரின் அங்கி

பாதிரியார் ஹார்வுட் வீட்டு வேலைக்காரி தெரியாமல் சலவைக்கு அனுப்பிய மூட்டையில், எலும்புக்கூடு வரைந்த கறுப்பு அங்கி இருந்தது. சதுப்பில் குதிரையேறி வரும் பேய் என்று இங்கிலாந்தின் கென்ட் கரையே நம்பியது இதைத்தான். போன மாதம் இதைக் கண்டு ஓடிய சைலஸ் சேற்றில் மூழ்கிச் செத்தான். சலவைக்காரி தபிதா அவன் மனைவி.

பாதிரியார் பதறி வந்தார்.

"அதக் குடுத்துடும்மா. பிராந்தி கடத்தித்தான் ஊரே சாப்பிடுது. ராத்திரி சதுப்புப் பக்கம் யாரும் வராம இருக்கத்தான் இந்தப் பேய் வேஷம். நீ குடிக்கிற தேயிலையும் அப்படி வந்ததுதான்."

"எம் புருஷனக் கொன்னுட்டு, அவர் குழிமேலயே நின்னு ஜெபம் பண்ணீங்களே ஐயா. குரல்கூட நடுங்குச்சு."

"அந்தப் பக்கம் அவன் ஏன் வந்தான்?"

"தொலைஞ்ச ஆட்டத் தேடி."

கடத்தல்காரர்களைத் தேடி வந்த சுங்கவீரர்கள் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த குளக்கரைத் துணிக்கொடியில், அவள் அங்கியைத் துவைக்காமலே விரித்துப் போட்டாள்.